பிரிப்பதா, அப்படியே விடுவதா? கெலிக் குஞ்சுத் தொட்டியில் இரண்டு வழிகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டுக்குப் பின்னால் கான்வாஸ் தொட்டி வைத்துக் கெலி (கெளுத்தி வகை மீன்) வளர்க்கும் எங்களுக்குள் ஓயாத வழக்கு ஒன்று உண்டு: குஞ்சுகளை அளவு பார்த்துப் பிரிக்க வேண்டுமா, வேண்டாமா?

ஒரே தாய், ஒரே நாளில் பொரித்தவை. ஆனாலும் இரண்டு வாரத்தில் ஒன்று அரிசி நீளம், இன்னொன்று அதைப்போல் இரண்டு மடங்கு. முட்டையின் அளவு, சில மணி நேரம் முந்திப் பொரித்தது, மூன்றாம் நாள் கரு உணவு தீர்ந்ததும் முதலில் வாய் வைத்தது என்று எல்லாம் சேர்ந்து வரும் வித்தியாசம் இது. கெலி மென்று தின்னாது. தம்பியின் தலை தன் வாய்க்குள் நுழைந்தால் அப்படியே விழுங்கிவிடும்.

“சும்மா விடுங்கண்ணே, ஒரு மாசத்துல தானா எல்லாம் ஒரே அளவாயிடும்” என்பார் பக்கத்து லயத்துத் தம்பி. உண்மைதான், ஆகிவிடும். நானும் ஒருமுறை விட்டுப் பார்த்து, பரவாயில்லையே என்று மகிழ்ந்தேன். பிறகு எண்ணினேன். விட்டதில் பாதிகூட இல்லை. சின்னதெல்லாம் பெரியதன் வயிற்றுக்குள் போனதால் வந்த ஒற்றுமை அது! சராசரி நீளமும் இப்படித்தான் ஏமாற்றும். எல்லாம் 2 சென்டிமீட்டர் இருக்கும் தொட்டிக்கும், பாதி 1, பாதி 3 இருக்கும் தொட்டிக்கும் சராசரி ஒன்றே. இரண்டாவதில் விருந்து நடக்கும்.

தம்பி வழியில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கெலிக் குஞ்சு இருட்டில் சண்டை குறைத்து நன்றாக வளரும். கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடி, இரவிலும் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை தீனி போட்டால் கடி குறைகிறது. ஆனால் விடியலில் செம்பனைக் காட்டு வேலைக்குப் போகிறவன் இரவெல்லாம் எங்கே விழித்திருப்பது?

பிரிப்பதிலும் வலி உண்டு. கெலிக்குச் செதில் கிடையாது. சின்னதைச் சலித்துப் பிரிக்கும் துளையிட்ட பேசினில் உரசினால் மேல்வழுவழுப்புப் போய்ப் புண் வரும். அதனால் காலை வெயிலுக்கு முன், வயிறு காலியாக இருக்கும்போது, தண்ணீருக்குள்ளேயே வைத்துச் சலிக்க வேண்டும். பெரியதை எடுத்துவிட்டால், அடுத்த நிலையில் இருந்தது திடீரென்று ஓங்கும். ஆக, ஒருமுறை பிரித்தால் போதாது.

இரண்டு மூன்று அங்குலக் குஞ்சாகவே வாங்கிவிடலாம் என்பார்கள். விலை கூடுதல், தலைவலி குறைவு. அவ்வளவுதான்.

இப்போது நான் முதல் இரண்டு வாரம் தார்ப்பாயால் மூடி வைக்கிறேன். பதினான்காம் நாள் ஒரு சலிப்பு, அடுத்த வாரம் இன்னொன்று. சின்னதைக் கோழிக்கு வீசுவதில்லை. தனித் தொட்டியில் பெரியவன் தொல்லை இல்லாமல் தின்றால், அவற்றில் பல எட்டிப் பிடித்துவிடுகின்றன. திலாப்பியாக்காரர்கள் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம். அங்கே பின்தங்குவது பெரும்பாலும் பெண் மீன். தனியாக வைத்தாலும் ஆணைப் பிடிக்காது.