மாத்திரை எங்கே கரைய வேண்டும்?

"காலையில் அந்த வெள்ளை, ராத்திரிக்குச் சின்ன மஞ்சள்." வீட்டில் மாத்திரைகளுக்கு இதுதான் பெயர். மருந்தியலில் நிறத்துக்கும் வடிவத்துக்கும் அவ்வளவு மதிப்பில்லை. இது உடம்பில் எங்கே கரைய வேண்டும், எவ்வளவு நேரத்தில் கரைய வேண்டும் என்று கேட்டுத்தான் வகை பிரிக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மூத்தது, பொடியை அச்சில் அழுத்திச் செய்யும் பூச்சில்லாத மாத்திரை. இப்படி அழுத்தும் முறைக்கு 1843இல் காப்புரிமை வாங்கிய வில்லியம் புரோக்டன் ஓர் ஓவியர். அதே காப்புரிமையில் பென்சிலுக்கான கிராஃபைட்டும் உண்டு! இந்தச் சாதாரண மாத்திரை 15 நிமிடத்துக்குள் தண்ணீரில் உதிர்ந்துவிட வேண்டும் என்பது மருந்துத் தர நூல்களின் கணக்கு. பிலிம் கோட்டிங் (மெல்லிய படலப் பூச்சு) போட்டதற்கு 30 நிமிடம், சர்க்கரைப் பூச்சுக்கு 60 நிமிடம். பெரும்பாலும் கசப்பை மறைக்கத்தான் இரண்டு பூச்சும். சர்க்கரைப் பூச்சில் மாத்திரை பருத்துவிடும், செய்யவும் நாளாகும். பிலிம் கோட்டிங்கில் எடை நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் கூடும். சர்க்கரைப் பூச்சு வழக்கொழிந்து வருவதில் வியப்பில்லை.

குழப்பம் அதிகம் வருவது அடுத்த ஜோடியில்: என்டெரிக் பூச்சு, எஸ்ஆர் (மெதுவாக வெளிவிடுவது). இரண்டையுமே உடைக்காதே, பொடிக்காதே என்கிறார்கள். காரணம் வேறு வேறு.

என்டெரிக் பூச்சு இரைப்பையின் அமிலத்தில் கரையாது, குடலுக்குப் போனபின்தான் கரையும். சோதனையும் அப்படியே: அமிலத்தில் 2 மணி நேரம் விரிசல் விடாமல் இருக்க வேண்டும், பிறகு குடலைப் போன்ற கரைசலில் உதிர வேண்டும். அமிலச் சுரப்பைக் குறைக்கும் பான்டோபிரசோலை அமிலமே அழித்துவிடும் என்பதால் பூச்சு மருந்தைக் காக்கிறது. வலி மருந்தான டைக்ளோஃபெனாக்கில் அதே பூச்சு, மருந்திடமிருந்து இரைப்பையைக் காக்கப் போட்டது. மலச்சிக்கலுக்கான பிசாகோடில் மாத்திரையைப் பாலோடு விழுங்கினால் பூச்சு இரைப்பையிலேயே கரைந்து, வயிற்றைப் பிசையும்.

எஸ்ஆர் மாத்திரை காத்திருப்பதில்லை. 12 அல்லது 24 மணி நேரத்துக்கான மருந்தைச் சிறுகச் சிறுக விடுகிறது. பொடித்துக் கொடுத்தால் நாள் முழுவதற்குமான அளவு ஒரே மூச்சில் ரத்தத்தில் இறங்கும். என்டெரிக் மாத்திரையைப் பொடித்தால் பெரும்பாலும் மருந்து வீணாகும், அல்லது வயிறு எரியும். எஸ்ஆரைப் பொடிப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். விழுங்க முடியாதவருக்கு எதையாவது பொடித்துத்தான் ஆக வேண்டும் என்றால், அட்டையில் எஸ்ஆர், இஆர், எக்ஸ்எல் என்ற எழுத்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் மருத்துவரிடம் மாற்று மருந்து கேளுங்கள். விதிவிலக்கும் உண்டு: ரத்த அழுத்தத்துக்கான மெட்டோபுரோலால் எஸ்ஆர் சிலவற்றில் நடுவே கோடு இருக்கும், அதைப் பாதியாக்கலாம், பொடிக்கக் கூடாது. சில எஸ்ஆர் மாத்திரைகளின் வெற்றுக்கூடு மலத்தில் முழுசாக வந்து நிற்கும்; மருந்து உள்ளே இறங்கிவிட்டது, பயம் வேண்டாம்.

வாயில் கரைபவற்றிலும் ஒரு மயக்கம் உண்டு. நாக்கின் மேல் கரையும் வாந்தி மருந்து ஒன்டான்செட்ரானும், நாக்குக்கு அடியில் வைக்கும் நெஞ்சுவலி மருந்து நைட்ரோகிளிசரினும் பார்க்க ஒன்றுபோலத்தான். முன்னது கரைந்து, எச்சிலோடு வயிற்றுக்குப் போய், வழக்கமான பாதையிலேயே உட்கிரகிக்கப்படுகிறது. தண்ணீர் வேண்டாம் என்பது வசதி. வேகம் பெரிதாகக் கூடுவதில்லை. பின்னது நாக்கடி ரத்தக்குழாய்களில் நேரே ஏறுகிறது. விழுங்கிவிட்டால் கல்லீரல் பெரும்பகுதியை அழித்துவிடும். நெஞ்சுவலி நேரத்தில் அதை விழுங்குவது வீண்.

கடைசி ஜோடி தண்ணீரில் போடுபவை. நுரைக்கும் மாத்திரைக்கு 5 நிமிடம், நுரைக்காமல் தண்ணீரில் துகளாகப் பிரியும் டிஸ்பர்சிபிள் மாத்திரைக்கு 3 நிமிடம் என்பது கரையும் வரம்பு. நுரை குடிக்க இதமாக இருக்கும், ஆனால் அது சோடியம் பைகார்பனேட்டிலிருந்து வருகிறது. 500 மில்லிகிராம் பாராசிட்டமால் நுரை மாத்திரை ஒன்றில் சோடியம் சுமார் 400 மில்லிகிராம் இருக்கலாம். ஒரு நாளில் எட்டு போட்டால் 3 கிராமைத் தாண்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்போ 2 கிராமுக்குக் கீழே. ரத்த அழுத்தம் உள்ளவருக்கு டிஸ்பர்சிபிளோ, சாதாரண வெள்ளை மாத்திரையோ போதும்.