ஹெர்-2 சோதனை மட்டுமா, முழு ஜீன் பேனலா?

அப்பாவுக்கு உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் கட்டி, அடினோகார்சினோமா (சுரப்பிச் செல்களில் தொடங்கும் புற்று) வகை. கல்லீரலுக்கும் பரவியிருந்தது. கீமோ தொடங்கும் முன் எங்கள் முன்னால் இரண்டு வழி: செல்களைப் பெருகத் தூண்டும் ஹெர்-2 ஜீனை மட்டும் சோதிப்பது, அல்லது நூற்றுக்கணக்கான ஜீன்களை ஒரே வீச்சில் படிக்கும் என்ஜிஎஸ் பேனல். ஹெர்-2தான் முதலில் என்று முடிவெடுத்தோம். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

பேனலுக்குச் செலவும் அதிகம், காத்திருப்பும் அதிகம். அது தெரிந்ததுதான். எங்களை முடிவெடுக்க வைத்தது திசு. முதல் எண்டோஸ்கோபியில் கிள்ளியவை மூன்றே துண்டுகள். ஃபார்மலின் குப்பியின் அடியில் கடுகளவாகக் கிடந்தன. ஹெர்-2 கட்டி முழுக்க ஒரேபோல் இருக்காது. ஒரு மூலையில் மண்டிக்கிடக்கும், பக்கத்திலேயே சுத்தமாக இருக்காது. ஆறு முதல் எட்டுத் துண்டு வேண்டும் என்பது அதனால்தான். அப்பா மறுபடியும் குழாய் விழுங்கினார்.

பேனலுக்குத் திசுவைச் சுரண்டிக் கரைத்து டிஎன்ஏவைப் பிரிக்கிறார்கள். மூலையில் இருப்பது மற்றதோடு கலந்து நீர்த்துப்போகலாம். ஹெர்-2 புரதத்துக்குச் சாயமேற்றும் ஐஹெச்சி சோதனையில் செல்லின் ஓரம் பழுப்பேறுவதை நோயியல் மருத்துவர் கண்ணாலேயே பார்க்கிறார். 3+ என்றால் பாசிட்டிவ். 0, 1+ நெகட்டிவ். 2+ என்றால் இரண்டுங்கெட்டான், ஜீனின் நகல்களை எண்ணும் ஃபிஷ் சோதனை வேண்டும். எங்களுக்கு வந்தது 2+. ஃபிஷ்ஷில் ஜீனின் நகல்கள் பெருகியிருப்பது உறுதியானது. கீமோவோடு ஹெர்-2வைத் தடுக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து சேர்ந்தது. கூடவே மூன்று மாதத்துக்கொரு எக்கோ, அந்த மருந்து இதயத்தைப் பலவீனமாக்கலாம் என்பதால். 2010இல் வெளிவந்த டோகா ஆய்வில், ஹெர்-2 மிகுந்திருந்தவர்களுக்குக் கீமோவோடு இந்த மருந்தும் சேர்ந்தபோது இடைநிலை ஆயுள் (பாதிப்பேர் தாண்டும் காலம்) 11.8 மாதத்திலிருந்து 16 ஆனது. சிறிய கணக்குதான், ஆனால் வீட்டில் அது சிறியதாகத் தெரியாது.

பேனல் அறிக்கையில் ஜீன் பெயர்கள் நிறைய வரும்: சைக்ளின் டி1, கேராஸ், இஜிஎஃப்ஆர். பெயர் தெரிவது வேறு, மருந்து பலிப்பது வேறு. இஜிஎஃப்ஆரும் புற்றுநோயை முடுக்கும் ஜீன்தான். அதைத் தடுக்கும் ஜெஃபிடினிபை உணவுக்குழாய்ப் புற்றில் கொடுத்துப் பார்த்த 2014 ஆய்வில் ஆயுள் கூடவில்லை.

சரி, பேனலே வேண்டாமா? அப்படியில்லை. டிராஸ்டுசுமாப் கொடுத்தபின் சிலருக்குக் கட்டியிலிருந்து ஹெர்-2வே மறைந்துவிடுகிறது. மருந்து கேட்காமல் போகும்போது மறு பயாப்ஸியும் பேனலும் கைகொடுக்கலாம். அந்தக் கட்டத்துக்கு நாங்கள் இன்னும் வரவில்லை. அப்புறம், ஸ்குவாமஸ் (உணவுக்குழாயின் உள்தோல் செல்களில் தொடங்கும்) வகைக்கு என் கணக்கு பொருந்தாது. அங்கே ஹெர்-2 அபூர்வம்; முதலில் கேட்க வேண்டியது பிடிஎல்-1, நோயெதிர்ப்பு மருந்து பலிக்குமா என்று காட்டும் புரதம்.