ஹெட்ஃபோன் ஜாக் வைத்த ஆம்ப் போர்டு வாங்கப் போகிறீர்களா? ஒரு நிமிடம்

"ஸ்பீக்கர், ஹெட்ஃபோன் இரண்டும் ஒரே நேரத்தில் பாடும்" என்று விளம்பரம் போட்டு ஆன்லைனில் விற்கப்படும் கிளாஸ் டி (ஸ்விட்ச் முறையில் வேலை செய்யும்) ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் போர்டு ஒன்றை வாங்கி ஏமாந்திருக்கிறேன். விற்றவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இதே மாதிரி போர்டுகளைப் பலர் விற்கிறார்கள், அதனால் பெயரைவிட எது தப்பு என்று தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

எனக்குத் தேவை இருந்தது. அப்பாவுக்குக் காது மந்தம். வீட்டில் எல்லோரும் ஸ்பீக்கரில் கேட்கும்போது அவர் ஹெட்ஃபோனில் தனியாகச் சத்தம் கூட்டிக் கேட்க வேண்டும். கேபினெட்டும் 24 வோல்ட் சப்ளையும் நானே செய்து வைத்திருந்தேன். போர்டில் இருந்தது டிபிஏ 3116 ஐசி. நல்ல ஐசிதான், அதன் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. பக்கத்திலேயே 3.5 மில்லிமீட்டர் ஜாக்கும் சால்டர் செய்து வந்தது. ஸ்பீக்கர் அருமையாகப் பாடியது. ஹெட்ஃபோனைச் சொருகியதும் 'டொப்' என்று ஒரு அடி, பிறகு நெஞ்சடைத்த மாதிரி ஒரு குரல். "என்னப்பா, ஏதோ தீயுற வாடை வருதே, காதுகிட்ட சுடுது" என்று அப்பா கழற்றிவிட்டார். ஹெட்ஃபோன் அதோடு போயிற்று.

போர்டைத் திருப்பி ட்ராக், அதாவது செப்புக் கோடுகளைப் பிடித்துப் பார்த்தேன். இடது, வலது ஸ்பீக்கர் அவுட்புட் இரண்டின் பிளஸ் முனையிலிருந்தும் ஆளுக்கொரு 22 ஓம் ரெசிஸ்டர், அங்கிருந்து நேராக ஜாக். ஜாக்கின் பொதுக் கம்பி சப்ளை கிரவுண்டுக்கு. வேறு ஒன்றுமே இல்லை. அந்த இரண்டு குட்டி ரெசிஸ்டர்களைச் சுற்றி போர்டின் பச்சை நிறம் பழுப்பேறிக் கிடந்தது.

இது ஏன் அநியாயம் என்றால், டிபிஏ 3116 ஒரு பிரிட்ஜ் ஆம்ப். அதில் ஸ்பீக்கரின் மைனஸ் முனை கிரவுண்டு கிடையாது. பிளஸ், மைனஸ் இரண்டுமே ஐசி ஓட்டும் அவுட்புட்கள்தான். பாட்டே ஓடாதபோதும் இரண்டும் சப்ளையில் பாதியில், அதாவது 24 வோல்ட் கொடுத்தால் 12 வோல்ட்டில் நிற்கும். ஸ்பீக்கர் அந்த இரண்டுக்கும் நடுவே இருப்பதால் அதற்கு டிசி (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) தெரியாது. ஹெட்ஃபோனை ஒரு பக்கத்துக்கும் கிரவுண்டுக்கும் நடுவே போட்டால் 12 வோல்ட் டிசி அதன் வழியாகத்தான் இறங்கும். 32 ஓம் ஹெட்ஃபோன், 22 ஓம் ரெசிஸ்டர்: 0.22 ஆம்பியர். ஒவ்வொரு காதிலும் ஒன்றரை வாட்ஸுக்கு மேல் வெறும் சூடு. மில்லிவாட் கணக்கில் வேலை செய்யும் கம்பிச்சுருள் அது, எப்படித் தாங்கும்?

ஐசிக்குள் பாதுகாப்பு இருக்கிறதே என்பீர்கள். அதன் டிசி பாதுகாப்பு ஒரு சேனலின் பிளஸ், மைனஸ் இரண்டுக்கும் நடுவேயான வித்தியாசத்தைத்தான் பார்க்கும். இங்கே அந்த வித்தியாசம் பூஜ்ஜியம். கால் ஆம்பியர்கூட இல்லாத கரண்ட் ஓவர்லோடாகவும் தெரியாது. அதனால் ஆம்ப் நிம்மதியாகப் பாடிக்கொண்டே இருக்கும், ஹெட்ஃபோன் மட்டும் எரியும்.

விற்றவர் பிடித்துக்கொண்டதும் இதைத்தான். "ஸ்பீக்கர் பாடுகிறதல்லவா, போர்டில் குறையில்லை, உங்கள் ஹெட்ஃபோன் மட்டமானது" என்றார். ஜாக்கில் மல்டிமீட்டர் காட்டிய டிசி வோல்ட்டேஜைப் படம் பிடித்து அனுப்பினேன். சோதித்துப் பார்த்ததால் வாரண்டி போய்விட்டதாம். அடுத்து ஒரு யோசனை சொன்னார் பாருங்கள், எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது அப்போதுதான்: ஜாக்கின் பொதுக் கம்பியைக் கிரவுண்டிலிருந்து எடுத்து ஸ்பீக்கர் மைனஸில் சேர்த்துவிடச் சொன்னார். ஸ்டீரியோ ஹெட்ஃபோனில் இரண்டு காதுக்கும் திரும்பும் கம்பி ஒன்றே. அப்படிச் சேர்த்தால் இடது மைனஸும் வலது மைனஸும், அதாவது இரண்டு அவுட்புட்கள் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகும். பாதுகாப்புக் குறைந்த ஐசி என்றால் புகைதான். தெரியாமல் விற்றார் என்றால்கூட மன்னிக்கலாம். படம் அனுப்பிய பிறகும் இந்த யோசனையைக் கொடுத்து, பணமும் தர மறுத்ததை எப்படி மன்னிப்பது? டிசியைத் தடுத்துப் பாட்டை மட்டும் விடும் இரண்டு கெப்பாசிட்டர் வைத்திருந்தாலே அந்த டிசி ஹெட்ஃபோனுக்குப் போயிருக்காது.

பிஏஎம் 8403, டிடிஏ 7297, கார் ஸ்டீரியோவில் வரும் டிடிஏ 7388 எல்லாமே பிரிட்ஜ்தான். உங்களிடம் இருப்பது எது என்று தெரியாவிட்டால் ஹெட்ஃபோனைத் தொடாமல், வால்யூமைக் குறைத்து வைத்து, ஸ்பீக்கர் மைனஸுக்கும் சப்ளை மைனஸுக்கும் நடுவே மல்டிமீட்டரில் டிசி பாருங்கள். சப்ளையில் பாதி காட்டினால் பிரிட்ஜ். ஜாக் ஏற்கெனவே இருந்தால், ஒரு பிளக்கில் 33 ஓம், 2 வாட்ஸ் ரெசிஸ்டரை வைத்துச் சொருகி அதன் குறுக்கே அளந்து பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட்டுக்கு மேல் டிசி நின்றால் அந்த ஜாக்கில் எதையும் சொருகாதீர்கள்.

எல்எம் 1875, எல்எம் 3886 போல மைனஸ் கிரவுண்டாகவே இருக்கும் ஆம்ப் என்றால் கதை வேறு. காதுக்கு ஒன்றாக 220 முதல் 470 ஓம் வரை ரெசிஸ்டர் போட்டு ஸ்பீக்கரோடு சேர்த்தே ஓட்டலாம். ஓம் குறைந்து ஆம்ப் கெடும் என்ற பயம் வேண்டாம், அந்த ரெசிஸ்டரோடு சேர்ந்த ஹெட்ஃபோன் ஆம்புக்கு ஒரு சுமையே இல்லை. ஆனால் ரெசிஸ்டரை மட்டும் விட்டுவிடாதீர்கள். 8 ஓமில் 20 வாட்ஸ் தரும் ஆம்ப் முழு வால்யூமில் 32 ஓம் ஹெட்ஃபோனுக்கு 5 வாட்ஸ் தள்ளும். 1 மில்லிவாட்டிலேயே 100 டெசிபலை ஒட்டிச் சத்தம் தரும் ஹெட்ஃபோன்கள் சாதாரணம். போனால் ஹெட்ஃபோன் வாங்கிக்கொள்ளலாம், காது?

இப்போது அந்த ஜாக்கின் ட்ராக்கைக் கத்தியால் வெட்டிவிட்டேன். இன்புட் சிக்னலிலிருந்தே பிரித்து, டிடிஏ 2822 ஐசியை ஸ்டீரியோ முறையில் போட்டுத் தனி ஹெட்ஃபோன் ஆம்ப் செய்தேன். அவுட்புட்டில் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள் இருப்பதால் டிசி வர வழியில்லை. அதன் வால்யூம் அப்பாவின் கையில், ஸ்பீக்கர் வால்யூம் எங்கள் கையில்.

விற்றவரின் விளம்பரம் இன்றும் ஒரு எழுத்து மாறாமல் இருக்கிறது. இந்த மாதிரி போர்டை வாங்க நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் இதைக் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள்: "ஹெட்ஃபோனுக்குத் தனி ஐசி இருக்கிறதா, இல்லை ஸ்பீக்கர் அவுட்புட்டிலிருந்தே எடுத்திருக்கிறீர்களா? ஜாக்குக்கு முன் கெப்பாசிட்டர் உண்டா?" போர்டின் இரு பக்கப் படமும் கேளுங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள்.