எல்லா வயதினரும் வாசிக்கும் ஆர்கன் கச்சேரி: கால் ஆர்மோனியமா, கீபோர்டா?

மறைக்கல்விப் பிள்ளைகளிலிருந்து வயதான உபதேசியார் வரை ஒரே மாலையில் மாறி மாறி வாசிக்கப் போகிறார்களா? பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துக் கடலோரக் கிறிஸ்தவக் கோயில் என்றால், கருவியில் எத்தனை டோன் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். உப்புக் காற்றை எது தாங்கும் என்று பாருங்கள். எங்கள் தீர்ப்பு: நடுவில் காலால் துருத்தி மிதித்து வாசிக்கும் பழைய கால் ஆர்மோனியம், பக்கத்தில் ஒரு 61 கட்டை கீபோர்டு. ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் கால் ஆர்மோனியமே போதும்.

காரணம், அதில் வரும் கோளாறு எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கை எடுத்த பிறகும் ஒரு சுரம் ஊளையிட்டுக்கொண்டே இருந்தால், காற்றில் அதிர்ந்து ஓசை தரும் ரீடை மூடும் தோல் ஒட்டிய மரத்தகடு சரியாக உட்காரவில்லை. அடியில் தூசி இருக்கும், அல்லது ஸ்பிரிங் துருப்பிடித்துத் தளர்ந்திருக்கும். சுரமே வரவில்லை, அல்லது கரகரக்கிறது என்றால் பித்தளை ரீடில் அழுக்கோ பச்சைக் களிம்போ ஏறியிருக்கும். மெல்லிய காகிதத்தை ரீடின் நாக்குக்கு அடியில் விட்டு மெதுவாக இழுத்தாலே பாதி சரியாகிவிடும். பிரஷ்ஷும் மென்மையாக இருக்கட்டும். நாக்கை மேலே தூக்கி வளைத்தாலோ சுருதி போச்சு. சுருதி திருத்த, நுனியைச் சுரண்டினால் ஏறும், அடிப்பக்கம் சுரண்டினால் இறங்கும். ஆனால் சுரண்டிய பித்தளை திரும்ப வராது. அதைப் பழகிய கையிடம் விட்டுவிடுங்கள்.

துருத்தியைச் சோதிப்பது சுலபம். ரீடு வரிசைகளைத் திறந்து மூடும் ஸ்டாப் குமிழ்கள் எல்லாவற்றையும் மூடி, நன்றாக மிதித்துக் காலை எடுங்கள். துருத்தி நிதானமாகத் தளர்ந்தால் நல்லது. பொசுக்கென்று விழுந்தால் மடிப்பு ஓரத்தில் எங்கோ கிழிசல் இருக்கிறது. மெல்லிய ஆட்டுத்தோலை வஜ்ஜிரப் பசையால் ஒட்டலாம். தடித்த ரெக்சின் வேண்டாம், மடிப்பு விறைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மரம் ஊதிக் கட்டைகள் ஒன்றோடொன்று உரசும். பதறி உப்புத்தாள் போடாதீர்கள். ஈரம் வடிந்தால் பல கட்டைகள் தானாகவே இளகிவிடும்.

கால் ஆர்மோனியத்தின் பெரிய குறை, சின்னப் பிள்ளைகளின் கால் மிதிக்கு எட்டாதது. ஸ்டூலின் நுனியில் தொற்றிக்கொண்டு ஒரு காலால் மிதிக்கும் பிள்ளைக்குக் கை எப்படி நிதானப்படும்? எட்டினாலும் பாட்டின் தாளத்துக்கே மிதிப்பார்கள். ஒவ்வோர் அடிக்கும் ஓசை பொங்கி வாடும். தாளத்தை மறந்து, இரண்டு காலையும் மாற்றி மாற்றிச் சிறு அடியாக மிதிக்கப் பழக்க வேண்டும். அதுவரை அவர்களுக்குக் கை ஆர்மோனியம்தான் வழி. பெரியவர் ஒருவர் துருத்தி போட, பிள்ளை இரண்டு கையாலும் வாசிக்கலாம். பார்க்கவும் அழகு.

கீபோர்டு லேசானது, மின்சாரம் போனால் பேட்டரியில் ஓடுகிற மாடலும் கிடைக்கும். ஆனால் கட்டைக்கு அடியிலிருக்கும் ரப்பர் காண்டாக்டில் உப்பு ஏறினால், சில சுரங்கள் அழுத்தி அழுத்தித்தான் பேசும். பிரித்து ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகும். உள்ளிருக்கும் சர்க்யூட் போர்டே அரித்துவிட்டால் ஊரில் ஒன்றும் செய்ய முடியாது.

கச்சேரி அன்று ஆள் மாறும்போதுதான் வம்பு. முந்தினவர் கீபோர்டின் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸை இரண்டு ஏற்றி வைத்துவிட்டுப் போவார், அடுத்த பிள்ளை தொடங்கியதும் பாடற்குழு ஒரு பக்கம், கருவி ஒரு பக்கம். ஒவ்வொருவர் இறங்கியதும் பூஜ்யத்துக்குக் கொண்டுவர ஓர் ஆளை நிறுத்துங்கள். சுரத்தை நீட்டும் சஸ்டெயின் பெடலை மிதித்தபடி சுவிட்ச் போட்டால் சில மாடல்களில் அது தலைகீழாக வேலை செய்யும். அணைத்து, காலை எடுத்துவிட்டு மறுபடி போட்டால் தீர்ந்தது. பிள்ளைகள் வாசிக்கையில் விரல் அடிக்கேற்ப ஓசை கூடிக் குறையும் டச் வசதியை அணைத்துவிடுங்கள், மெல்லிய விரலுக்கும் ஓசை ஒரே அளவில் வரும்.

இரண்டும் சேர்ந்து வாசிக்க, கீபோர்டைத்தான் ஆர்மோனியத்தின் சுருதிக்கு இழுக்க வேண்டும். பழைய ரீடு கீபோர்டின் வழக்கமான 440 ஹெர்ட்ஸ் சுருதியில் நிற்கும் என்று நம்பாதீர்கள். டியூனிங் மெனுவில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியோ இறக்கியோ, இரண்டுக்கும் நடுவே ஓசை ஏறி இறங்கிக் கேட்கும் அலை அடங்கும்வரை பாருங்கள். மைக்கை ஆர்மோனியத்தின் பின்பக்கம் ஓர் அடி தள்ளி வையுங்கள். முன்னால் வைத்தால் மிதி கிறீச்சிடுவதுதான் கோயில் முழுக்கக் கேட்கும்.

முடிந்ததும் பிளாஸ்டிக் தாளால் மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கும். பருத்தித் துணி போர்த்தி, கடல் பக்கத்துச் சன்னலை விட்டுத் தள்ளி வையுங்கள். மிதிக்குப் பின்னால் இருக்கும் இடுக்கைக் கம்பி வலையால் அடையுங்கள். எலி நுழைவது அந்த வழியாகத்தான், துருத்தித் தோலைத்தான் அது முதலில் கடிக்கும்.