தம்பிக்குச் சீடை வாங்கிய காரைக்குடிக் கடை

தம்பி பிலிப்பைன்ஸில் மார்மன் என்ற கிறிஸ்தவ சபையின் ஊழியத்தில், அதாவது மதப் பரப்புப் பணியில் இருக்கிறான், 24 மாதத்தில் இன்னும் 5 வாரம்தான் பாக்கி. வாரம் ஒருநாள் வீட்டுக்கு வீடியோவில் பேசுவான், போன தடவை சீப்புச் சீடை ஞாபகமாகவே இருக்கிறது அக்கா என்றான், மனசு கேட்கவில்லை, செக்காலை ரோடு பக்கம் இருக்கும் இந்தச் சின்னக் கடைக்கு ஓடினேன்.

சீடை அன்றைக்குச் சுட்டது, தேங்காய்ப்பால் வாசனை தூக்கலாக இருந்தது. தேன்குழலும் அருமை. மாவுருண்டை மட்டும் வாங்காதீர்கள், நெய் போதவில்லை, வீடு வருவதற்குள் உதிர்ந்துவிட்டது.

காபித்தூளும் வைக்கவா என்று ஆச்சி கேட்டார். அவர்கள் சபையில் காபி, டீ குடிக்க மாட்டார்கள் என்றேன். சரி, பிள்ளைக்கு இது என்று பனங்கற்கண்டு வைத்தார், காசு வாங்கவில்லை. ஊழியத்துக்கு எப்போதும் இரண்டு பேராகத்தான் போவார்கள் என்றதும் எல்லாவற்றையும் இரண்டு பொட்டலமாகப் பிரித்துக் கட்டினார்.