ஏழு பேர் வண்டியா? கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள்

ஏழு பேர் அமரும் வண்டி வாங்க ஷோரூமுக்குப் போகிறவர்கள் முதலில் ஓட்டுநர் இருக்கையில் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்க்கிறார்கள். நீங்கள் கடைசி வரிசையிலிருந்து தொடங்குங்கள். வீட்டில் உயரமானவர் அங்கே பத்து நிமிடம் உட்காரட்டும். முழங்கால் முன்னே முட்டுகிறதா, தொடைக்குத் தாங்கல் இருக்கிறதா, தலை கூரையில் இடிக்கிறதா என்று பார்க்கட்டும். பிறகு வீட்டின் மூத்தவர் ஒருமுறை ஏறி இறங்கட்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

மதுரையில் எங்கள் வீட்டில் 2019 முதல் மாருதி சுசூகி எர்டிகா ஓடுகிறது. 2018 நவம்பரில் வெளிவந்த இரண்டாம் தலைமுறை வண்டி, பெட்ரோல், கையால் கியர் மாற்றுவது. அப்பா, அம்மா, நான், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று ஆறு பேர். ஏழாவது இடம் அத்தைக்கு. அத்தை இல்லாமல் எங்கள் வீட்டில் குலதெய்வக் கோயில் பயணம் கிடையாது.

வாங்கியபோது பிள்ளைகள் சிறுவர்கள். கடைசி வரிசை அவர்களுடைய ராஜ்யம். இப்போது மூத்தவன் என் உயரத்தைத் தாண்டிவிட்டான். நடு வரிசையை முன்னால் தள்ளினால்தான் அவன் கால் வைக்க இடம் கிடைக்கும். தள்ளினால் மூட்டுவலிக்கார அம்மாவால் காலை நீட்ட முடியாது. நல்லவேளையாக நடு வரிசை முன்னும் பின்னும் நகரும், கடைசி வரிசையின் முதுகும் சாயும். இந்த இரண்டையும் வைத்துத்தான் ஒவ்வொரு பயணத்திலும் சமரசம் செய்துகொள்கிறோம். கார் பத்து ஆண்டு வீட்டில் இருக்கப்போகிறது. பிள்ளைகளின் இன்றைய உயரத்தை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

அடுத்தது டிக்கி. இதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது எர்டிகாவின் டிக்கி 209 லிட்டர். கடைசி வரிசையை மடக்கினால் 550. அதாவது ஏழு பேரோ, பெட்டிகளோ, ஒன்றுதான் தாராளமாகப் போகலாம். மாசி சிவராத்திரிக்குக் கிளம்பும்போது பொங்கல் பானை, அரிசி, தேங்காய், பூசைச் சாமான், ஏழு பேரின் மாற்றுத்துணி எல்லாம் ஏற வேண்டும். கெட்டியான சூட்கேசைத் தவிர்த்துத் துணிப்பைகளாகக் கொண்டுபோனால் இடுக்குகளிலும் திணிக்கலாம். ஏழு பேருடன் அடிக்கடி வெளியூர் போகிறவர்கள் சிஎன்ஜி வகையை வாங்கும் முன் டிக்கியைத் திறந்து பாருங்கள். சிலிண்டர் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். நகருக்குள் தினமும் நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு அது நல்ல கணக்கு. எங்களைப் போன்றவர்களுக்கு ஒத்துவராது.

எஞ்சின் 1,462 சிசி. வண்டியை இழுக்கும் முறுக்குவிசை (டார்க்) 138 நியூட்டன் மீட்டர், அதுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 4,400 முறை சுழலும்போதுதான் முழுமையாகக் கிடைக்கும். நான்கு பேருடன் சென்னை நெடுஞ்சாலையில் போகும்போது எந்தக் குறையும் தெரியாது; சீரான வேகத்தில் லிட்டருக்கு 17, 18 கிலோமீட்டர் தருகிறது, நகர நெரிசலில் 12, 13. ஏழு பேருடன் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறுவது வேறு கதை. இரண்டாவது கியரில் எஞ்சினைச் சுழலவிட்டு ஏற வேண்டும், கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். இறங்கும்போதும் அதே கியர்தான். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. முழுச் சுமைக்கு டயர்க் காற்று எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவோர ஸ்டிக்கரில் இருக்கிறது. கிளம்பும் முன் அதைப் பார்த்து நிரப்புங்கள்.

மலைப் பயணம் அதிகம் என்றால் டீசலை யோசிக்கலாம். எர்டிகாவில் இப்போது டீசல் கிடையாது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபோது மாருதி டீசலையே கைவிட்டது. 2022-ல் அறிமுகமான கியா கேரன்ஸின் டீசல் எஞ்சின் 250 நியூட்டன் மீட்டர் தருகிறது. பெரியவர்களே ஏழு பேர் என்றால் இன்னோவா வகையறாதான் சரி. பணம் கூடுதலானாலும் முதுகு பிழைக்கும். கடைசி வரிசை எப்போதாவதுதான் தேவை என்பவர்களுக்கு ரெனோ ட்ரைபர் புத்திசாலித்தனமான வண்டி. கடைசி இருக்கைகளைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடலாம். நீளம் 4 மீட்டருக்குள், எஞ்சின் 999 சிசி என்பதால் 2025 செப்டம்பரில் மாறிய ஜிஎஸ்டி விகிதப்படி அதற்கு 18 சதவீதம்; 4.4 மீட்டர் நீளமுள்ள எர்டிகாவுக்கு 40.

பாதுகாப்பு பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கார்களை மோதவிட்டுப் பார்த்து ஐந்து நட்சத்திரம் வரை தரும் குளோபல் என்கேப் சோதனையில் எர்டிகா 2019-ல் பெரியவர்கள் பாதுகாப்பில் 3 நட்சத்திரம் பெற்றது. விதிகள் கடுமையான பிறகு, 2024-ல் 1 நட்சத்திரம். கடைசி வரிசையில் உட்காருபவரின் முதுகுக்கும் பின்கதவுக்கும் நடுவே இருப்பது ஒரு பை அகலம்தான். அதனால் எங்கள் வண்டியில் ஏழு பேரும் பெல்ட் போட்ட பிறகே சாவியைத் திருப்புவேன். ஆள் நிறைந்திருந்தால் 90-க்கு மேல் போவதில்லை. 2025 ஜூலை முதல் எர்டிகாவின் எல்லா வகைகளிலும் ஆறு காற்றுப்பைகள் வருகின்றன. பழைய வண்டி தேடுபவர்கள் எத்தனை காற்றுப்பை, எந்தெந்த இருக்கைக்குத் தோளோடு சேர்த்துக் கட்டும் பெல்ட் என்பதை விலை பேசும் முன்பே உட்கார்ந்து, இழுத்துப் பார்த்துவிடுங்கள்.