கார் ஷெட்டுக்கு ஒளிர்பட்டையா, இரும்புத் தூணா?

குன்னூர்–கோத்தகிரி சாலை வளைவிலுள்ள எங்கள் கார் ஷெட்டின் முன்கால், மூடுபனி இரவொன்றில் இறக்கத்தில் வேகமாக வந்த வேன் மோதி வளைந்த பிறகு, இரண்டு வழிகளை ஒப்பிட்டுப் பார்த்தேன்.

சிவப்பு வெள்ளை ஒளிர்பட்டை மலிவானது. விளக்கொளியை வந்த திசைக்கே திருப்புவதால் தெளிந்த இரவில் தொலைவிலேயே தெரியும். ஆனால் மூடுபனி அந்த ஒளியை வழியிலேயே சிதறடித்துவிடுகிறது; பட்டையின்மேல் பனித்துளியும் பாசியும் படிந்தால் இன்னும் மங்குவதால், அடிக்கடி துடைக்க வேண்டியிருக்கிறது.

கான்கிரீட் நிரப்பி, 3 அடி ஆழத்தில் ஊன்றிய 4 அங்குல இரும்புக் குழாயோ மோதலை ஷெட்டுக்கு முன்பே வாங்கிக்கொள்ளும். செலவு அதிகம், மழையில் இளகும் சரிவு மண்ணில் அடித்தளத்தை அகலப்படுத்த வேண்டும், அதுவும் சொந்த நிலத்துக்குள்ளேயே.

உள்ளே குழந்தைகளின் சைக்கிள்களும் நிற்பதால் தூணையே தேர்ந்தெடுத்தேன். இருட்டில் தெரியாத தூண் பைக்கில் வருபவரின் உயிருக்கே ஆபத்து என்பதால், அதன்மேல் பட்டையையும் சுற்றினேன்.